ஆண்டுச் சராசரியும் ஓர் இரவின் நாற்றமும்: பிள்ளைச்சாவடியை முன்னிறுத்திக் காற்று மாசு இடர் மதிப்பீடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொழிற்சாலைகளை அடுத்து வாழும் மக்களுக்குக் காற்று மாசினால் நேரும் இடரை மதிப்பிட இந்தியாவில் கையாளப்படும் முறைகள் பெரும்பாலும் நீண்டகாலச் சராசரிகளை அடிப்படையாகக் கொண்டவை. மக்களின் முறையீடுகளோ சில மணி நேரமே நிலைக்கும் நிகழ்வுகளைப் பற்றியவை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைப் புதுச்சேரியின் காலாப்பட்டுப் பகுதியைச் சேர்ந்த பிள்ளைச்சாவடியை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. கடலூர், தூத்துக்குடி, எண்ணூர் ஆகிய இடங்களின் பட்டறிவு ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது. கலைச்சொற்களின் தெளிவின்மை மக்களின் சான்றை வலுவிழக்கச் செய்வதும், மக்கள் முறையிலான மாதிரி சேகரிப்புக்கும் வரம்புகள் இருப்பதும் சுட்டப்படுகின்றன. மதிப்பீடு நிகழ்விலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காற்று மாசு, இடர் மதிப்பீடு, ஆட்படுதல், நாற்றம், பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கடலூர் சிப்காட்

1. முன்னுரை

2023 நவம்பர் 4 அன்று இரவு, காலாப்பட்டில் உள்ள சொலாரா ஆக்டிவ் பார்மா சயின்சஸ் என்னும் மருந்து மூலப்பொருள் ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 14 தொழிலாளர்கள் தீக்காயமுற்றனர். அதனைத் தொடர்ந்து அப்பகுதி மக்கள் ஆலையை மூடக் கோரிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலில் ஈடுபட்டனர். இத்தகைய ஓர் இரவில் ஆலைக்கு வெளியே வாழ்பவர்கள் கேட்கும் வினா எளியது: இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும் காற்றில் என்ன இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை தரும் நோக்குடன் தோன்றிய துறையே இடர் மதிப்பீடு. எனினும் அத்துறையின் வழக்கமான ஆவணங்கள் வேறொரு வினாவுக்கே விடை தருகின்றன: ஓராண்டின் சராசரி வரம்புக்குள் இருக்கிறதா?

இவ்விரு வினாக்களும் ஒன்றல்ல. முதல் வினா ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒரு மனித உடலையும் சுட்டுகிறது. இரண்டாவது வினா ஒரு காலப்பரப்பையும் ஒரு நிலையத்தையும் சுட்டுகிறது. இரண்டாவது வினாவின் விடையை முதல் வினாவின் விடையாக வழங்கும் வழக்கமே இங்குத் திறனாய்வுக்கு உட்படுகிறது. இது முறையியல் சார்ந்த கட்டுரை. எந்த ஆலையால் எந்நோய் விளைந்தது என்பதை நிறுவுவது இதன் எல்லைக்குள் வராது. அதனை நிறுவவோ மறுக்கவோ தேவையான சான்று எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு உருவாகாமல் போகிறது என்பதே இதன் பொருள்.

2. எல்லைகளுக்கு இடையே ஓர் ஊர்

பிள்ளைச்சாவடி புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடலோரத்தில் அமைந்தது. நகரிலிருந்து அங்குச் செல்பவர் கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து மீண்டும் புதுச்சேரி மண்ணில் கால் வைக்கிறார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் துண்டு துண்டாகக் கிடந்ததன் எச்சம் இது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவுற்ற பின்னரும் அத்துண்டுகள் அவ்வாறே நின்றன. காலாப்பட்டுப் பகுதி அத்தகைய துண்டுகளுள் ஒன்று.

காற்று மாசினைப் பொறுத்தவரை இவ்வரலாறு நடைமுறை விளைவுடையது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1981இன்படி ஒன்றியப் பகுதிகளில் மாநில வாரியம் அமைவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரம் ஒரு குழுவுக்கு ஒப்படைக்கப்படுகிறது. ஆகவே பிள்ளைச்சாவடி புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கீழும், அதற்குத் தெற்கே அடுத்துள்ள பொம்மையார்பாளையம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழும் வருகின்றன. வாடைக்காற்று வீசும் பருவத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று இவ்வெல்லையை அறிவதில்லை. முறையீட்டு மனுவோ எல்லையில் நின்றுவிடுகிறது.

காலாப்பட்டில் மருந்து மூலப்பொருள் ஆலையோடு குளோர்-அல்கலி ஆலையும் உள்ளது. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் பெறும் தொழில் அது. மத்திய வாரியம் மிகு மாசுத் தொழில்கள் என வகுத்துள்ள 17 வகைகளுள் காஸ்டிக் சோடா உற்பத்தியும் மருந்து உற்பத்தியும் அடங்கும். அவ்வகைத் தொழிற்சாலைகள் தொடர் உமிழ்வுக் கண்காணிப்புக் கருவிகளை நிறுவ வேண்டும் என 2014இல் அவ்வாரியம் பணித்தது. அதே பகுதியில்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், முன்னர்ப் பொறியியல் கல்லூரியாக இருந்த புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. நெடுங்காலக் கடலரிப்பால் கிழக்கே நிலம் இழந்துவரும் மீனவக் குடியிருப்புகளும் அங்கேயே உள்ளன. கடலை விட்டு மேற்கே நகர்வதும் ஆலைகளை விட்டுக் கிழக்கே நகர்வதும் இக்குடியிருப்புகளுக்கு எளிதன்று.

3. நான்கு படிகளும் நான்கு சொற்களும்

இடர் மதிப்பீட்டின் இன்றைய வடிவம் 1983இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வருகிறது. அதன்படி மதிப்பீடு நான்கு படிகளைக் கொண்டது: எப்பொருள் தீங்கு செய்யவல்லது என இனங்காணுதல், எவ்வளவு அளவுக்கு எவ்வளவு விளைவு எனக் கணித்தல், மக்கள் அப்பொருளுக்கு எவ்வளவு ஆட்படுகின்றனர் என அளத்தல், இம்மூன்றையும் இணைத்து இடரை விவரித்தல். வரிசை தெளிவானது. இதனைத் தமிழில் கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் பொருள் வழுவுகிறது.

முதலாவது, 'இடர்' என்னும் சொல். நம் பள்ளிப் புவியியல் நூல்களில் வெள்ளமும் நிலநடுக்கமும் 'இயற்கை இடர்கள்' எனப்படுகின்றன. வணிகவியலில் 'இடர் மேலாண்மை' என்னும்போது அது நேரக்கூடிய இழப்பின் வாய்ப்பைக் குறிக்கிறது. ஒரே சொல் தீங்கின் மூலத்தையும் தீங்கின் வாய்ப்பையும் சுட்டுகிறது. ஆலைக்குள் இருக்கும் குளோரின் கொள்கலன் தீங்கு மூலம். அது கசியும் வாய்ப்பு, காற்றின் திசை, ஊரின் தொலைவு, அந்நேரத்தில் அங்கிருப்போர் ஆகியன சேர்ந்ததே இடர். இவ்வேறுபாடு சொல்லில் இல்லாதபோது, 'இடர் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது' என்னும் தொடர் கொள்கலனைப் பற்றியதா ஊரைப் பற்றியதா என்பதைப் படிப்பவர் அறிய இயலாது.

இரண்டாவது, 'வெளிப்பாடு' என்னும் சொல். மாசுக்கு மக்கள் உள்ளாவதைக் குறிக்க இச்சொல் பல மொழிபெயர்ப்புகளில் ஆளப்படுகிறது. பொதுவழக்கிலோ வெளிப்பாடு என்பது ஒன்று வெளியே வருவதைக் குறிக்கும். 'வெளிப்பாட்டு அளவு' என்று படிக்கும் ஒருவர் புகைபோக்கியிலிருந்து வெளிவரும் அளவையே நினைப்பார். மூச்சினுள் செல்லும் அளவு பார்வையிலிருந்து மறைகிறது. புகைபோக்கியில் அளப்பதும் மூக்கருகே அளப்பதும் வேறு என்பதே இத்துறையின் அடிப்படை. அதனைச் சொல்லே அழித்துவிடுகிறது. 'ஆட்படுதல்' என்பது இவ்விடத்திற்குப் பொருத்தமானது. யார் ஆட்பட்டார், எதற்கு ஆட்பட்டார், எவ்வளவு நேரம் ஆட்பட்டார் என்னும் வினாக்களை அது தானே எழுப்புகிறது. இக்கட்டுரை அச்சொல்லையே ஆளுகிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் தரப்பட வேண்டும். முழு அறிக்கைக்கு அக்கட்டாயம் இல்லை. இடர் மதிப்பீட்டின் அனுமானங்களும் காற்றுப் பரவல் கணிப்புகளும் முழு அறிக்கையில்தான் இருக்கும். முடிவு மட்டும் தமிழில் வருகிறது. முடிவை எட்டிய வழி ஆங்கிலத்தில் நிற்கிறது. 2020இல் புதிய வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒன்றிய அரசு அதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. கருத்துக் கேட்கப்படுபவரின் மொழி மதிப்பீட்டின் உறுப்பா, அல்லது அதன் பின்னிணைப்பா என்பது இன்னும் தீராத வினா.

4. சராசரி எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது

இந்தியாவின் தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர வரம்புகள் 2009 நவம்பர் 18இல் அறிவிக்கப்பட்டன. ஒரு வகையில் அவை முன்னேற்றம். 1994ஆம் ஆண்டு வரம்புகள் தொழிற்பகுதிக்கு ஓர் அளவும் குடியிருப்புக்கு ஓர் அளவும் வைத்திருந்தன. மிதக்கும் துகள்களுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு குடியிருப்பில் ஒரு கனமீட்டருக்கு 140 மைக்ரோகிராம், தொழிற்பகுதியில் 360. தொழிற்பகுதி என வகுக்கப்பட்ட இடத்தில் வாழ்பவரின் நுரையீரல் இரண்டரை மடங்கு தாங்கும் என்பது அதன் உட்பொருள். 2009இன் வரம்புகள் இப்பாகுபாட்டை நீக்கி, தொழிற்பகுதி, குடியிருப்பு, ஊரகம் ஆகியவற்றை ஒரே வகையில் வைத்தன.

எனினும் இவ்வரம்புகளின் உள்ளமைப்பு ஆலையை அடுத்த ஊருக்குப் பொருந்துவதாக இல்லை. மூன்று காரணங்கள் உள்ளன.

பொருள்களின் பட்டியல் முதற்காரணம். கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, இருவகைத் துகள்கள், ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஆர்செனிக், நிக்கல் ஆகிய 12 பொருள்களுக்கே வரம்பு உண்டு. குளோரினும் ஹைட்ரஜன் சல்பைடும் இதில் இல்லை. மருந்து ஆலைகளில் பயன்படும் கரைப்பான்களுள் பெரும்பாலானவையும் இல்லை. 2014இல் தொடங்கப்பட்ட காற்றுத் தரக் குறியீடு இப்பட்டியலை இன்னும் சுருக்கி 8 பொருள்களைக் கொள்கிறது. பென்சீனும் அதிலிருந்து விடுபடுகிறது. ஆகவே குறியீடு 'நன்று' எனக் காட்டும் நாளில் குளோரின் கசிந்தால், குறியீடு 'நன்று' என்றே காட்டும். கருவி பழுதானதால் நேர்வதன்று இது. அப்பொருளைக் கேட்குமாறு குறியீடு வகுக்கப்படவில்லை.

நேரம் இரண்டாவது காரணம். 12 பொருள்களுள் ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டுமே ஒரு மணி நேர வரம்பு உண்டு. ஏனையவற்றிற்கு 24 மணி நேரச் சராசரியோ ஆண்டுச் சராசரியோதான். ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். அம்மோனியாவின் 24 மணி நேர வரம்பு 400 மைக்ரோகிராம். ஒரு மணி நேரம் 4,000 மைக்ரோகிராம் அளவு வீசி, ஏனைய 23 மணி நேரம் 50 மைக்ரோகிராம் இருந்ததாகக் கொண்டால், அந்நாளின் சராசரி ஏறத்தாழ 215. ஒரு மணி நேரம் வரம்பெண்ணின் பத்து மடங்கைச் சுவாசித்த ஊர், அந்நாள் முழுவதும் 'வரம்புக்குள்' இருந்ததாகவே பதிவாகும்.

அளவெடுப்பின் அடர்த்தி மூன்றாவது காரணம். ஆண்டுச் சராசரிக்கு வாரம் இருமுறை என ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் போதும். எஞ்சிய 261 நாள்கள் கணக்கில் இல்லை. அளந்த நாள்களிலும் 2 விழுக்காடு வரம்பை மீறலாம். அடுத்தடுத்த இரு நாள்களில் மீறக்கூடாது என்பதே கட்டுப்பாடு. நகர நெரிசலால் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே சீராக எழும் மாசினைக் காண இம்முறை போதுமானது. ஆலையின் கசிவோ சீரானதன்று. கலன் திறக்கும்போதும் மின்தடைக்குப் பின் எந்திரம் மீண்டும் இயங்கும்போதும் அது எழுகிறது. அளவெடுக்கும் நாளும் கசிவு நாளும் ஒன்றாக அமைவது தற்செயலே.

தொடர் உமிழ்வுக் கருவிகள் இக்குறையை நீக்கும் எனலாம். அவை புகைபோக்கியில் பொருத்தப்படுபவை. அடைப்பிதழ்கள், குழாய் இணைப்புகள், கழிவுநீர்த் தொட்டிகள் வழியே பரவும் சிதறல் உமிழ்வு புகைபோக்கி வழியே செல்வதில்லை. வேதித் தொழிலில் ஊரார் உணரும் நாற்றத்திற்கு இச்சிதறல் உமிழ்வு முக்கியமான மூலம்.

5. மூக்கின் சான்றும் அதன் வரம்பும்

நெய்தல் நிலப் பாடல்களைப் பயின்றவர் நாற்றம் என்னும் சொல் முன்பு நறுமணத்தையும் உள்ளடக்கி எல்லா வாசத்திற்கும் பொதுவாக நின்றதை அறிவர். இன்று அது தீயவாசத்தை மட்டும் குறிக்கிறது. நிர்வாக மொழியில் அது மேலும் குறுகி, 'துர்நாற்றத் தொல்லை' என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. தொல்லை என்று வகுக்கப்பட்டது இடர் எனக் கருதப்படுவதில்லை. மத்திய வாரியம் 2008இல் நாற்ற மாசு குறித்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை சுற்றுப்புறக் காற்றுக்கான வரம்பாக உருப்பெறவில்லை. ஒப்புநோக்கின், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வழிகாட்டுதல் (2000) ஹைட்ரஜன் சல்பைடுக்கு இரண்டு அளவுகளைத் தருகிறது: உடல்நலம் கருதி 24 மணி நேரத்திற்கு 150 மைக்ரோகிராம், நாற்றத் தொல்லை கருதி 30 நிமிடத்திற்கு 7 மைக்ரோகிராம். அரைமணி நேரத்தை அலகாகக் கொண்டும் வரம்பு வகுக்க இயலும் என்பதற்கு இது சான்று.

மூக்கினைச் சான்றாகக் கொள்பவர் அதன் வரம்பையும் ஏற்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடை மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே, நூறு கோடியில் சில பங்கு என்னும் நிலையிலேயே அறிகிறது. பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது நுகர்புலன் மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என ஊரார் நிம்மதி கொள்ளும் நேரமே பேராபத்தின் நேரமாக இருக்கக்கூடும். பென்சீன் இதற்கு நேர்மாறு. அதன் ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். மூக்கு அதனை அறியத் தொடங்கும் அளவோ இதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. நாற்றமில்லாத பென்சீன் தீங்கற்றதன்று. கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே இல்லை.

ஆகவே மூக்கு அளவுகோல் ஆகாது. அது அறிவிப்பு மணி. மணி ஒலித்ததும் அளவுகோலை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே அதன் பயன். நடைமுறையில் மணி ஒலித்தது 'தொல்லை' என்று பதிவாகிறது. அளவுகோல் தன் வாரமுறைப்படி வேறொரு நாளில் செல்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை. சந்திக்கவில்லை என்பதே பின்னர் 'முறையீட்டுக்குச் சான்றில்லை' என்னும் முடிவாக எழுதப்படுகிறது.

6. கடலூரின் படிப்பினை

இவ்விரண்டையும் சந்திக்க வைத்த முயற்சி பிள்ளைச்சாவடிக்குத் தொலைவில் நடந்ததன்று. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஊர்களில் நடந்தது. அங்கு 2003இல், ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கை வெளிவந்தது. 2004இல் ஊர்மக்கள் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்னும் பெயரில், நாற்றம் எழுந்த நேரம், இடம், காற்றுத் திசை, உடல் அறிகுறிகள் ஆகியவற்றைப் பதியப் பயிற்சி பெற்றனர். நாற்றம் கடுமையான வேளைகளில் ஒரு வாளிக்குள் பொருத்திய பையில் காற்றினைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினர். கலிபோர்னியாவில் 1990களில் உருவாகி லூசியானாவில் பரவிய வாளி முறை அது. அவர்களின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, மாதிரிகளில் 22 வேதிப்பொருள்கள் இருந்ததாகவும் அவற்றுள் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை எனவும் கூறியது. பட்டியலில் இல்லாத பொருள்களைத் தேடியதே இதன் முதன்மையான பங்களிப்பு. பின்னர் 2009இல் மத்திய வாரியத்தின் ஒருங்கிணைந்த மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகளுடன், 70ஐக் கடந்த 'மிகக் கடுமையாக மாசுற்ற' பகுதிகளின் வரிசையில் வைக்கப்பட்டது.

எனினும் இம்முயற்சியையும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக வைத்தல் நேர்மையாகாது. வாளி பிடிப்பது சில நிமிடக் காற்று. அம்முடிவுகளை ஒப்பிட்ட அமெரிக்க அளவுகளுள் பல நீண்டகாலச் சுவாசத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. சில நிமிட அளவை ஆயுட்கால அளவோடு ஒப்பிட்டுப் பல்லாயிரம் மடங்கு எனக் கூறுதல், ஒரு மணி நேரக் கசிவை ஆண்டுச் சராசரியில் கரைக்கும் பிழையின் மறுபக்கம். லூசியானாவின் வாளிக் குழுக்களை ஆராய்ந்த குவென் ஆட்டிங்கர் 2010இல் எழுதிய கட்டுரையில் இச்சிக்கலைச் சுட்டுகிறார். தர வரம்புகள் மக்களின் தரவுக்கு நுழைவாயிலாகின்றன. அத்தரவைத் தள்ளுபடி செய்யும் கருவியாகவும் அவையே அமைகின்றன. குறுநேர அளவுக்கு ஒப்பிடத் தகுந்த குறுநேர வரம்பு இல்லாத நிலையில், மக்கள் எவ்வளவு செம்மையாக அளந்தாலும் அவ்வளவு 'பொருந்தாதது' என்றே ஒதுக்கப்படும். குறை மக்களின் வாளியில் தொடங்கவில்லை. வரம்பின் அலகில் தொடங்குகிறது.

கடலூர் தரும் மற்றொரு பாடம் எண்களின் பொருள் பற்றியது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி, அப்பகுதியினருக்குப் புற்றுநோய் வாய்ப்பு 2,000 மடங்கு என்னும் செய்தி 2008 முதல் பரவலாக எடுத்தாளப்பட்டது. எதன் 2,000 மடங்கு என்பது பெரும்பாலும் சொல்லப்படவில்லை. பத்து இலட்சத்தில் ஒருவர் என்பதே ஏற்கத்தக்க இடராகப் பல மதிப்பீடுகளில் கொள்ளப்படும். அதனை அடிப்படையாகக் கொண்டால் 2,000 மடங்கு என்பது ஆயிரத்தில் இருவர். பொதுச் சுகாதார நோக்கில் இது மிகக் கடுமையான எண்ணே. ஆனால் அடிப்படை சொல்லப்படாத மடங்கு ஊரில் அச்சத்தையும் மறுதரப்பில் ஏளனத்தையும் வளர்க்கிறது. இடரை விவரித்தல் என்னும் நான்காம் படி, எண்ணை உரத்துச் சொல்வதோடு முடிவதில்லை. எண்ணின் பகுதியையும் தொகுதியையும் கேட்பவர் மொழியில் விளக்குவதில்தான் நிறைவுறும்.

7. கருவி யாருடையது: தூத்துக்குடியும் எண்ணூரும்

2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் மக்கள் கண்ணெரிச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் உற்றதாக முறையிட்டனர். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் புகைபோக்கிக் கருவி கந்தக டைஆக்சைடு அளவு வரம்பைக் கடந்ததாகக் காட்டியது. மாநில வாரியம் ஆலையை மூட ஆணையிட்டது. அந்நேரத்தில் கருவி அளவுதிருத்தத்தில் இருந்தது என ஆலைத் தரப்பு வாதிட்டது. அவ்வாண்டு மே 31இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையைத் திறக்க இசைந்தது. தீர்ப்பாயத்தின் ஆணைகளை வரம்பின்மை காரணமாக உச்சநீதிமன்றம் 2019இல் நீக்கியது வேறு கதை. இங்குக் கருதத்தக்கது ஒன்று: நகரத்தார் பலரின் உடல் கூறிய சான்று, ஆலைக்குச் சொந்தமான ஒரு கருவி அக்காலையில் எந்நிலையில் இருந்தது என்னும் வினாவைச் சார்ந்து நிற்க நேர்ந்தது. அக்கருவிக்கு மாற்றாக ஊருக்குள் குறுநேர அளவீடுகளின் தற்சார்பான வலை இருந்திருந்தால் வழக்கின் சான்றுநிலை வேறாக இருந்திருக்கும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வெளியேறின. ஆலையருகே காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாநில வாரியம் அறிவித்தது. ஒப்பீட்டுக்கு 400 மைக்ரோகிராம் என்னும் வரம்பைச் சுட்டியது. அவ்வரம்பு 24 மணி நேரத்திற்குரியது. வாரியத்திடம் ஒப்பிட வேறு சுற்றுப்புற வரம்பு இல்லை என்பதால் அதனையே எடுக்க நேர்ந்தது. கருவி வந்து அளந்தது கசிவு தொடங்கிய பின்னர். மக்கள் ஓடிய நேரத்துக் காற்று எவ்வளவு என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்நேரத்தின் ஒரே பதிவு அவர்களின் தொண்டையிலும் கண்ணிலும் இருந்தது.

8. பிள்ளைச்சாவடிக்கு உரிய மதிப்பீடு

மேற்கண்டவற்றைப் பிள்ளைச்சாவடியின் நிலத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, காலம். கடலோரத்தில் பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கியும் இரவில் நிலக்காற்று கடலை நோக்கியும் வீசும். ஆலைக்குக் கிழக்கே வாழ்பவர் அதன் காற்றைப் பெறுவது பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். இரவில் காற்று மேலெழுந்து கலப்பதும் குறைவு. வெளியான பொருள் தரையை ஒட்டியே நிற்கும். மதிப்பீடு இரவு நேர அளவுகளைத் தனியே காட்டாவிடில், பகலின் தூய கடற்காற்று இரவின் அளவைச் சராசரியில் கழுவிவிடும்.

இரண்டாவது, உடல். வழக்கமான கணிப்புகள் 70 கிலோ எடையுள்ள, நாளொன்றுக்கு 20 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கும் வளர்ந்தவரைக் கொள்கின்றன. விடியலுக்கு முன் வலை இழுப்பவர் கடும் உழைப்பில் மிகுதியாகச் சுவாசிக்கிறார். குழந்தை தன் எடைக்கு ஏற்ப வளர்ந்தவரினும் கூடுதலாகச் சுவாசிக்கிறது. கோடையில் வெளியில் படுத்துறங்குபவருக்குச் சுவரின் காப்பு இல்லை. இம்மூவரையும் பெயரளவிலேனும் கொள்ளாத மதிப்பீடு வேறெங்கோ வாழும் ஒருவரின் இடரைக் கணிக்கிறது.

மூன்றாவது, காற்றின் பெயர். கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைவழி காற்றுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. கடல்தொழில் செய்வோர் காற்றின் மாற்றத்தை நாழிகைக் கணக்கில் அறிவர். நாற்றம் எழுந்த நேரத்தோடு காற்றின் பெயரையும் எழுதிய ஒரு பள்ளிக் குறிப்பேடு, பல்கலைக்கழக வானிலைப் பதிவோடு ஒப்பிடப்பட்டால், எம்மூலத்தை நோக்கிக் கருவியைத் திருப்ப வேண்டும் எனச் சொல்லும். கருவாட்டு நாற்றமும் குப்பை எரிக்கும் புகையும் சாக்கடையும் அதே ஊரில் உண்டு. ஆகவே குறிப்பேடு பிழைபடலாம் என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. ஒருவர் எழுதுவதைப் பிறிதொருவர் அறியாத வகையில் பல வீடுகளில் எழுதச் செய்தலும், காற்றுத் திசையோடு பொருந்தாதவற்றை நீக்குதலும் அதற்கு விடை. ஆலையில் வேலை செய்பவரும் அதே தெருவில் வாழலாம். ஆகவே எழுதியவர் பெயர் காக்கப்பட வேண்டும்.

நான்காவது, அறியும் உரிமை. தீங்கு விளைக்கும் வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள், 1989இன் 15ஆம் விதி, பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய ஆலைக்கு வெளியே உள்ளோருக்கு விபத்தின் தன்மையையும் செய்யத்தக்கதையும் தகாததையும் முன்கூட்டியே தெரிவிக்குமாறு பணிக்கிறது. இவ்விதி நிறைவேறியதா என்பதற்கு அலுவலகக் கோப்பைப் பார்ப்பது போதாது. குளோரின் காற்றினும் எடை மிகுந்தது, தாழ்ந்த இடத்தில் தங்கும். ஆகவே அது கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி மேட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கடற்கரைக் குடியிருப்பில் ஒரு பாட்டி சொல்லக்கூடுமா என்பதே தேர்வு.

ஐந்தாவது, எல்லை. புதுச்சேரிக் குழுவும் தமிழ்நாட்டு வாரியமும் இப்பகுதிக்கு ஒரே முறையீட்டுப் பதிவேட்டையும் ஒரே குறுநேர அளவீட்டு ஏற்பாட்டையும் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடையேதும் காணப்படவில்லை. இரு பல்கலைக்கழகங்கள் அருகிருக்க, அளவெடுக்கும் திறனும் அங்கே உண்டு.

9. முடிவுரை

தொழிற்சாலையை அடுத்த ஊரின் இடரை அளக்கும் இன்றைய முறை, சீராகப் பரவும் நகர மாசுக்கென வகுக்கப்பட்ட அலகுகளைக் கடன் வாங்கியது. அவ்வலகுகளில் நிகழ்வு என்னும் ஒன்றுக்கு இடமில்லை. நிகழ்வுக்கு இடமில்லாததால் மக்களின் முறையீடு தொல்லையாகச் சுருங்குகிறது. மக்கள் தாமே அளந்தாலும் ஒப்பிட வரம்பின்றி ஒதுக்கப்படுகிறது. கருவிகளைப் பெருக்குவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. அரைமணி நேரத்தையும் ஒரு மணி நேரத்தையும் அலகாகக் கொண்ட வரம்புகள், நாற்றப் பதிவு கிடைத்ததும் மாதிரி எடுக்கக் கட்டுப்படுத்தும் விதி, முழு மதிப்பீடும் தமிழில் கிடைத்தல் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும்.

தமிழ் ஆய்வுலகத்திற்கும் இதில் பணி உண்டு. இடர், தீங்கு மூலம், உமிழ்வு, ஆட்படுதல் ஆகியவற்றை வேறுபடுத்தும் கலைச்சொற்களை நிலைப்படுத்துவதும், கடலோர மக்களின் காற்று, நாற்றச் சொற்களைத் தொகுத்து அவற்றின் வேதிப்பொருளோடு இணைத்துப் பார்ப்பதும் மொழித்துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து செய்யத்தக்க ஆய்வுகள். அவ்வாறு உருவாகும் சொற்பட்டியல் பிள்ளைச்சாவடியிலிருந்து எழும் அடுத்த மனுவில் ஒரு வரியேனும் தெளிவாக நிற்க உதவுமாயின், அவ்வாய்வு தன் பயனை அடைந்ததாகும்.